மறு முனை

ஒரு படுக்கை விரிப்பை மடிக்க
நான்கு கைகள் வேண்டும்.
வால்பரைசோவில், குன்றடி மருத்துவமனையின் நிலவறையில்
இரண்டு என்னுடையவை,
இரண்டு எடெல்மிராவுடையவை.
விலகுவோம், உதறுவோம், நெருங்குவோம்.
என் முனைகளை அவள் விரல்களில் ஒப்படைத்துவிட்டுக்
குனிந்து, தொங்கும் மடிப்பை எடுப்பேன்.
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
குளோரின் நெடியில் ஒரு நடனம்,
உலர்த்திகளின் உறுமல்தான் மேளம்.

பதினோரு வருடம்.
இதில் முன்னேற என்ன இருக்கிறது என்று
யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன்.
விரிப்பு வெள்ளை. அடுத்ததும் வெள்ளை.
கறை போகாதவற்றுக்குத் தனிக் கூடை.

அவளோ மூன்றாம் உலர்த்தியின் பக்கவாட்டில்,
யாரும் எட்டிப் பார்க்காத இடுக்கில்,
பென்சிலால் எழுதி வைத்திருந்தாள்:
31. 33. 33. 30, முதுகு. 34.
அரை மணிக்கு எத்தனை என்ற கணக்கு.
"யாரோடு போட்டி?" என்றேன்.
"செவ்வாய்க்கிழமை எடெல்மிராவோடு.
அவள் கொஞ்சம் சோம்பேறி" என்றாள்.

ஒப்புக்கொள்கிறேன், எனக்கும் தொற்றிக்கொண்டது.
அந்தக் கணக்கில் பாதி என்னுடையதுதானே.
மூலைகள் தாமாகவே சந்தித்துக்கொண்ட இரவுகள் உண்டு;
வீட்டுக் கடன், மகனின் மௌனம்
எல்லாம் எட்டு மணி நேரம்
வாசலிலேயே காத்துக் கிடந்த இரவுகள்.
முப்பத்தாறு வந்த அன்று
ஒரு பேரிக்காயை ஆளுக்குப் பாதி தின்றோம்.

பிறகு உலர்த்தி பழுதாயிற்று.
நகர்த்திப் போட்டவர்கள் படித்தார்கள்.
படித்தவர்கள் மேற்பார்வையாளர் ஃபுவென்சாலிதாவிடம் சொன்னார்கள்.
திங்கட்கிழமை சுவரில் பளபளப்பாய் ஓர் அறிவிப்பு:
இனி அரை மணிக்கு 36. அனைவரும்.
கீழே சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்று.
மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்த யாரித்சா
அன்று எங்கள் மேசைக்குத் தேநீர் குடிக்க வரவில்லை.

எடெல்மிரா ஒன்றும் பேசவில்லை.
ஈரத் துண்டால் எண்களைத் துடைத்தாள்.
எத்தனையோ பேரின் ரத்தத்தை வெளுத்தவளுக்குப்
பென்சில் கோடு எம்மாத்திரம்.
அன்றிலிருந்து அரை மணிக்கு இருபத்தெட்டு.
இருபத்தேழும் இல்லை, இருபத்தொன்பதும் இல்லை.
அவர் வந்து நின்று பார்ப்பார்;
அவள் மூலையோடு மூலையை வைத்து
நகத்தால் நீவிக்கொண்டிருப்பாள்.
எத்தனையாவது வாரமோ,
நீராவியில் சுருண்டு அந்த அறிவிப்பு தானே விழுந்தது.
எடுத்து ஒட்ட யாருக்கும் கை வரவில்லை.

அப்புறம்தான் கவனித்தேன்,
அவள் கையுறைக்குள், மணிக்கட்டில், பேனாப் புள்ளிகள்.
சில நாள் இரண்டு, சில நாள் ஐந்து.
"இது என்ன?"
"கடிகாரத்தைப் பார்க்காமல் கழிந்த மணிகள்" என்றாள்.
"இதற்கு எப்படி நோட்டீஸ் ஒட்டுவார், பார்ப்போம்."

என்னுடையதை அவளிடம்கூடச் சொல்லவில்லை.
எங்கள் குன்றுக்கு ஏறும் பெட்டிவண்டி நின்று
நான்கு வருடம் ஆகிறது.
இருநூற்றுப் பதினேழு படி,
ஐம்பத்திரண்டு வயது,
பேச்சைக் கேட்காத இடது முழங்கால்.
வழக்கமாய்த் தொண்ணூறில் உட்கார்ந்துவிடுவேன்,
துறைமுகத்தை ரசிப்பது போன்ற பாவனையில்.
எதிர் முனையை யாரும் பிடித்திருக்கவில்லை,
ஆனாலும் ஒரு துணி விறைப்பாய் நிற்பது போல
இப்போதெல்லாம் ஏதோ இழுக்கிறது.

இன்று காலை மஞ்சள் கதவு வரை போனேன்.
நூற்று நாற்பத்தொன்று.
அங்கே படுத்திருந்த நாய்
ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது,
என்னை இதுவரை கண்டதில்லை,
இருந்தும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.
உட்காரவில்லை.
இன்னும் இரண்டு படி ஏறிவிட்டு
அப்புறம் உட்கார்ந்தேன்.